லினக்ஸ் மின்ட்டை விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுதல்: முழுமையான வழிகாட்டி

விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் புதியவர்கள் பலருக்கு நிறுவிக் கொடுத்திருக்கிறேன். பலர் தாமாக நிறுவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். நிறுவும் திரைக்கு வந்த பிறகு தடுமாறுகிறவர்கள் குறைவு. அந்தத் திரைக்கு வருவதற்கு முன்பு, விண்டோஸுக்குள் செய்திருக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசை முக்கியம். திரும்பப் பெறக்கூடிய வேலைகள் முதலில் வருகின்றன. திரும்பப் பெற முடியாத ஒரே ஒரு சொடுக்கு எட்டாம் படியில்தான் இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோப்புகளின் நகலை வைக்க வெளி வன்தட்டு ஒன்று. டி டிரைவில் நகல் வைத்திருப்பது நகல் ஆகாது, ஏனென்றால் சியும் டியும் பெரும்பாலும் ஒரே வன்தட்டின் இரண்டு அறைகள். தவறான பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே போகும். படங்கள், சான்றிதழ்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை எடுத்த பிறகு, அந்த வெளி வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

கணினிக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும் என்று மின்ட் சொல்கிறது. நடைமுறையில் 4 ஜிபிக்குக் கீழ் இருந்தால் உலாவியில் நான்கு தாவல்கள் திறந்ததுமே திணறும். வட்டு இடம் குறைந்தது 20 ஜிபி, வசதியாக இருக்க 100 ஜிபி. மின்சாரம் போனால் தாங்கும் அளவுக்கு மின்கலம் இல்லையென்றால், மின்வெட்டு வரும் நேரத்தைத் தவிர்த்துவிட்டு உட்காருங்கள்.

ஒரு தொலைபேசியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி மறுதொடக்கம் ஆகும்போது இந்த வழிகாட்டியைப் படிக்க வேறு திரை இருக்காது.

2. எந்தப் பதிப்பு

மின்ட்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மேசைத்திரை வேறுபடும் மூன்று பதிப்புகள் உண்டு. 4 ஜிபியோ அதற்கு மேலோ நினைவகம் இருந்தால் சினமன். அதைவிடக் குறைவாகவோ மிகப் பழைய கணினியாகவோ இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ. இந்தத் தேர்வில் ஒரு வாரத்தைச் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லை. 22 வரிசையில் கிடைக்கும் மிகப் புதிய பதிப்பை எடுங்கள். அந்த வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்.

பழைய பென் டிரைவில் எப்போதோ எழுதி வைத்ததைப் பயன்படுத்தாதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, நம்பகமான நிரல்கள் மட்டுமே கணினியைத் தொடங்க அனுமதிக்கும் ‘செக்யூர் பூட்’, பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களை ஏற்காதபடி மாற்றியது. அதன் பிறகு பழைய பென் டிரைவ்கள் சில கணினிகளில் பிழைச் செய்தியோடு நின்றுவிட்டன.

3. விண்டோஸுக்குள் முடிக்க வேண்டிய நான்கு வேலைகள்

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். இங்கே செலவாகும் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

*முதல் வேலை: குறியாக்கம்.* மீட்புக் குறியோ கடவுச்சொல்லோ இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைப் பூட்டி வைப்பதே குறியாக்கம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கரோ ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்பதோ நீங்கள் கேட்காமலேயே இயக்கத்தில் இருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் முதலில் 48 இலக்க மீட்புக் குறியை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கக்கூடும், ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதையும் இப்போதே சோதியுங்கள். பிறகு குறியாக்கத்தை நிறுத்துங்கள். வட்டின் அளவைப் பொறுத்து அது முடியச் சில மணி நேரம்கூட ஆகலாம். பாதியில் அணைக்க வேண்டாம்.

காரணம் இரண்டு. குறியாக்கம் செய்த பகிர்வை (சி, டி போன்ற வட்டின் ஓர் அறையை) மின்ட்டின் நிறுவியால் தொட முடியாது. மேலும், தொடக்க அமைப்பில் எதையாவது மாற்றியதும் விண்டோஸ் அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் அந்தத் திரையின் முன் குறியில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூன்று ஆண்டு வினாத்தாள்கள் உள்ளே இருந்தன. மறந்துபோன மின்னஞ்சல் ஒன்றை மீட்டெடுத்த பிறகே அவரால் உள்ளே போக முடிந்தது.

*இரண்டாம் வேலை: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை நிறுத்துதல்.* கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய், ஆற்றல் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அதன் முன்னுள்ள தேர்வுக் குறியை நீக்குங்கள். இது இயக்கத்தில் இருக்கும்வரை, நீங்கள் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் உள்ள பகிர்வில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சேதமாகும். அதனால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

*மூன்றாம் வேலை: இடம் ஒதுக்குதல்.* ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ கருவியைத் திறந்து, சி பகிர்வின் மேல் வலச்சொடுக்கி ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும்: 60 ஜிபிக்கு 61440, 100 ஜிபிக்கு 102400. நிறுவியே இந்தச் சுருக்கலைச் செய்யும்தான். ஆனால் விண்டோஸின் பகிர்வை விண்டோஸே சுருக்குவது நல்லது. தன் கோப்புகளில் எவை நகரும், எவை நகராது என்று அதற்குத்தான் தெரியும்.

வட்டில் 200 ஜிபி காலியாக இருந்தும், 10 ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ‘சிஸ்டம் புரொடெக்ஷன்’, மெய்நிகர் நினைவகம் இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலுங்கள்.

சுருக்கியதும் கறுப்புப் பட்டையோடு ஒதுக்கப்படாத இடம் ஒன்று தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். ‘இடம் வெறுமனே கிடக்கிறதே’ என்று அதைப் புதிய டிரைவாக மாற்றிவிடுவது மிக அடிக்கடி நடக்கும் பிழை. எழுத்து கொடுத்து வடிவமைத்துவிட்டால், நிறுவி அதைக் காலி இடமாகக் கருதாது.

*நான்காம் வேலை: தொடக்க முறையைக் குறித்துக்கொள்ளுதல்.* ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திரையில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கிறதா, லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா என எழுதிக்கொள்ளுங்கள். ஆறாம் படியில் இது தேவைப்படும்.

4. தரவிறக்கமும் சரிபார்ப்பும்

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பெறுங்கள். ஐஎஸ்ஓ எனப்படும் ஒரே கோப்பாக வரும் அது ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். அதோடு, கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 எண்கள் அடங்கிய சிறிய உரைக் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் செவன்-ஜிப் இருந்தால், ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலச்சொடுக்கி எஸ்எச்ஏ-256 கணக்கிடலாம். வருகிற நீண்ட எண்ணும் உரைக் கோப்பில் உள்ள எண்ணும் முழுமையாக ஒத்துப்போக வேண்டும். இணைப்பு அறுந்து அறுந்து வரும் இடங்களில் தரவிறக்கம் முடிந்ததாகக் காட்டினாலும் கோப்பு சிதைந்திருக்கலாம். நிறுவல் எழுபது விழுக்காட்டில் புரியாத பிழையோடு நின்றுபோன சம்பவங்களில், பல முறை காரணம் இதுவாகவே இருந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

5. பென் டிரைவில் எழுதுதல்

ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து ஒட்டினால் அது வேலை செய்யாது. கணினி தொடங்குவதற்கான அமைப்போடு எழுத வேண்டும். அதற்கு பலீனா எட்சர் அல்லது ரூஃபஸ் பயன்படுத்துங்கள். எட்சரில் கோப்பு, பென் டிரைவ், எழுது என்று மூன்றே பொத்தான்கள். ரூஃபஸில் எல்லாவற்றையும் அது காட்டும்படியே விட்டுத் தொடங்குங்கள். இடையில் எந்த முறை என்று கேட்டால் அது பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறையையே ஏற்கலாம்.

எழுதும் முன் இலக்கு டிரைவின் கொள்ளளவை ஒருமுறை படியுங்கள். 8 ஜிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 டிபி என்று இருந்தால், உங்கள் நகல்கள் இருக்கும் வெளி வன்தட்டைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

எட்சரில் எழுதி முடித்ததும், ‘இந்த டிரைவைப் பயன்படுத்த வடிவமைக்க வேண்டும்’ என்று விண்டோஸ் ஒரு சன்னலைக் காட்டக்கூடும். ரத்து செய்யுங்கள். விண்டோஸுக்கு அந்த அமைப்பு புரியவில்லை, அவ்வளவுதான். இதற்குச் சரி கொடுத்துவிட்டு, ‘பென் டிரைவ் காலியாக இருக்கிறதே’ என்று வருந்தியவர்கள் நிறையப் பேர்.

6. பென் டிரைவிலிருந்து தொடங்குதல்

பென் டிரைவைச் செருகியபடியே கணினியை முழுமையாக அணையுங்கள். மீண்டும் இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (இயங்குதளத்துக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) போய் அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வரலாம், ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். மூன்றாம் படியில் எழுதிவைத்த முறை எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஒரு முறையிலும் மின்ட் மறு முறையிலும் நிறுவப்பட்டால், இரண்டுக்கும் பொதுவான தொடக்கப் பட்டியல் அமையாது.

‘செக்யூர் பூட்’ என்பதை நிறுத்தச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். மின்ட் 22 அதனோடு ஒத்துழைக்கிறது. முதலில் நிறுத்தாமலேயே முயலுங்கள். திரை கறுப்பாகவே நின்றால், மறுதொடக்கம் செய்து முதல் பட்டியலில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ தேர்ந்தெடுங்கள். சில கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு அது தேவைப்படும்.

7. நிறுவாமல் ஒரு மணி நேரம் பழகுங்கள்

மின்ட்டின் மேசைத்திரை இப்போது தெரியும். இது முழுக்கப் பென் டிரைவிலிருந்து ஓடுகிறது. உங்கள் வன்தட்டில் இன்னும் எதுவும் மாறவில்லை. ஆனால் பலர் இங்கே வந்ததும், மேசையில் இருக்கும் நிறுவும் சின்னத்தை உடனே அழுத்திவிடுகிறார்கள். பொறுங்கள்.

வைஃபை இணைகிறதா? ஒலி வருகிறதா, மைக்ரோஃபோன் பதிகிறதா? கேமரா, தொடுபலகை, திரை வெளிச்ச விசைகள், ப்ளூடூத்? மடிக்கணினியின் மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? வீட்டில் அச்சுப்பொறி இருந்தால் ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் சற்று மெதுவாக இருக்கும், வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இடையில் திரை பூட்டிக்கொண்டால், பயனர் பெயர் மின்ட், கடவுச்சொல் வெறுமை.

வைஃபை மட்டும் வேலை செய்யவில்லையென்றால் கைவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து ‘டெதரிங்’ கொடுத்தால் இணையம் கிடைக்கும். நிறுவிய பிறகு, வைஃபையை இயக்கும் டிரைவர் நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பிழைப்பு எந்த மென்பொருளை நம்பி இருக்கிறது என்பதையும் இங்கேயே யோசியுங்கள். டேலி, ஃபோட்டோஷாப் போன்றவை விண்டோஸுக்கானவை. அவை தினமும் வேண்டுமென்றால் விண்டோஸ் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் வைத்துக்கொள்வதில் குறை எதுவும் இல்லை.

8. நிறுவுதல்

மின்கம்பியைச் செருகுங்கள். இப்போது நிறுவும் சின்னத்தை அழுத்துங்கள்.

*மொழி.* பட்டியலில் தமிழ் இருக்கிறது. எனக்குத் தமிழ் இடைமுகம் பிடிக்கும். ஆனாலும் முதல் நிறுவலை ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறேன். பிழைச் செய்தி வந்தால் அதே சொற்களை வைத்து உதவி தேடுவது எளிது. பிறகு எப்போது வேண்டுமானாலும் தமிழுக்கு மாற்றலாம்.

*விசைப்பலகை.* ஆங்கிலம், அமெரிக்க அமைப்பு. இங்கே தமிழைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஆங்கில எழுத்துகளில்தான் கொடுக்கப் போகிறீர்கள். தமிழ்த் தட்டச்சுக்குத் தனிப் படி வருகிறது.

*பல்லூடகக் கோடெக்குகள்.* குறியிடுங்கள், பாட்டும் காணொளியும் சிக்கலின்றி ஓடும். ‘செக்யூர் பூட்’ இயக்கத்தில் இருந்தால் அதே பக்கத்தில் ஒரு கடவுச்சொல் கேட்கும். எளிதான ஒன்றைக் கொடுத்துத் தாளில் எழுதுங்கள். ஒன்பதாம் படியில் ஒரே ஒரு முறை தேவைப்படும்.

*நிறுவல் வகை.* இதுதான் நிதானிக்க வேண்டிய பக்கம். ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற முதல் வாய்ப்பு உங்களுக்கானது. ‘வட்டை அழித்து நிறுவு’ என்பது சி டிரைவை மட்டும் அழிப்பதல்ல. டி, ஈ, மடிக்கணினியோடு வந்த மீட்புப் பகிர்வு என அந்த வட்டில் உள்ள எல்லாமே போய்விடும். இந்த ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் குடும்பப் படங்களை இழந்தவர்கள் உண்டு.

முதல் வாய்ப்பு தெரியவே இல்லையென்றால், வேறொன்றை அழுத்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வெளியேறி, காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் குறியாக்கம் இன்னும் நீங்கியிருக்காது, அல்லது பென் டிரைவ் தவறான முறையில் தொடங்கியிருக்கும். இன்டெல் ஆர்எஸ்டி என்ற சேமிப்பு முறை இயக்கத்தில் இருந்தாலும் இப்படி ஆகும். நிறுவியே அதைச் சொல்லும். அதை மாற்ற விண்டோஸை ‘சேஃப் மோட்’ எனும் பாதுகாப்பு முறையில் தொடங்கச் செய்து, பயாஸில் ஏஎச்சிஐ என மாற்ற வேண்டும். நேரடியாகப் பயாஸில் மட்டும் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகும்.

கணினியில் எஸ்எஸ்டி ஒன்று, வன்தட்டு ஒன்று என இரண்டு இருந்தால், ‘வேறு ஏதேனும்’ என்ற மூன்றாம் வாய்ப்பு தெளிவானது. ஒதுக்கிவைத்த காலி இடத்தைத் தேர்ந்து, கூட்டல் குறியை அழுத்தி, வகை எக்ஸ்ட்4, பொருத்துமிடம் (‘மவுண்ட் பாயின்ட்’) ஒற்றைச் சாய்கோடு (/) என்று கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சிறிய இஎஃப்ஐ பகிர்வை வடிவமைக்கக் குறியிடாதீர்கள், விண்டோஸின் தொடக்க நிரல் அதில்தான் இருக்கிறது. நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகிர்வு தனியாக வேண்டாம். மின்ட் கோப்பு வடிவில் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

‘இப்போது நிறுவு’ அழுத்தியதும், எந்தப் பகிர்வுகள் மாறப்போகின்றன என்று ஒரு சிறிய சன்னல் பட்டியலிடும். அதைப் படியுங்கள். அதுவரை எல்லாவற்றிலிருந்தும் பின்வாங்கலாம். அதில் தொடர்க என்று கொடுத்த பிறகு முடியாது.

அடுத்து நேர மண்டலம்: இந்தியாவில் கொல்கத்தா, இலங்கையில் கொழும்பு. பயனர் பெயரைச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள். கடவுச்சொல்லை மென்பொருள் சேர்க்கும்போதெல்லாம் கேட்கும், ஆகவே மறக்காததாக இருக்கட்டும். எஸ்எஸ்டி இருந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

9. முதல் மறுதொடக்கம்

பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும். கோடெக் பக்கத்தில் கடவுச்சொல் கொடுத்தவர்களுக்கு இப்போது ஒரு நீலத்திரை வரும். விண்டோஸ் பழகிய கண்கள் நீலத்திரையைப் பார்த்ததும் மின்பொத்தானை அழுத்திவிடுகின்றன. இது பிழையல்ல. ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, தொடர்க, ஆம், தாளில் எழுதிய கடவுச்சொல் என்று போங்கள். சில நொடிகளே காத்திருக்கும். தவறவிட்டால் பின்னால் என்விடியா போன்ற டிரைவர்கள் ஏறாது.

மின்ட்டா விண்டோஸா என்று கேட்கும் பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், மின்ட் நிறுவப்படவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பயாஸின் தொடக்க வரிசையைப் பாருங்கள். அங்கே மின்ட் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டதால் அது உபுண்டு என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கும். அதை முதலிடத்துக்கு நகர்த்துங்கள். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகும் இந்த வரிசை மாறக்கூடும், தீர்வு இதேதான்.

10. நிறுவிய அன்றே, இந்த வரிசையில்

முதலில், இயங்குதளத்தின் நிலையைப் படிமமாகச் சேமிக்கும் டைம்ஷிஃப்ட். வரவேற்புத் திரையிலேயே அது இருக்கும். ஆர்சிங்க் முறையில் ஒரு படிமம் எடுங்கள். புதுப்பிப்பில் ஏதேனும் கெட்டால் இந்த நிலைக்கு அப்படியே திரும்பலாம். அதனால்தான் புதுப்பிப்புக்கு முன்னால் இது. இதில் உங்கள் சொந்தக் கோப்புகள் சேராது என்பதை மறவாதீர்கள், இயங்குதளம் மட்டுமே. படிமங்கள் இடம் பிடிக்கும், அதற்காகவும்தான் 100 ஜிபி சொன்னேன். தினசரிப் படிமங்களில் இரண்டு, வாராந்தரப் படிமங்களில் ஒன்று என வைத்திருந்தால் போதும்.

அடுத்து ‘அப்டேட் மேனேஜர்’. அருகிலுள்ள கண்ணாடித் தளத்துக்கு (‘மிரர்’, மின்ட் கோப்புகளின் நகல் உள்ள தளம்) மாறலாமா என்று கேட்டால் சம்மதியுங்கள், வேகம் கூடும். முழுவதும் புதுப்பித்து மறுதொடக்கம் செய்த பிறகே ‘டிரைவர் மேனேஜர்’ பக்கம் போங்கள். பழைய கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் போட்டு, உடனே கெர்னலை மாற்றுவது வீண் வேலை. என்விடியா அட்டைக்குப் பரிந்துரை என்று எழுதியிருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

11. தமிழ்த் தட்டச்சு

விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்நெட் 99 என்ற பெயரில் தமிழ் 99 அமைப்புகள் நேரடியாகவே கிடைக்கும். அவற்றில் டேப், டிஸ்கி என்று ஒட்டு உள்ளவை பழைய எழுத்துக் குறிமுறைகள். அவற்றில் எழுதினால் இன்றைய மென்பொருள்களில் படிக்க முடியாது.

ஆனால் தமிழ் 99 பழகியவர்களுக்கு இந்த நேரடி அமைப்பு நிறைவு தராது. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்றே அது வேலை செய்கிறது. ப, ந, த, உ என்று தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘பந்து’ என்று வர வேண்டும், இதில் வராது. அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு உதவி நிரல் வேண்டும். ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ கருவியில் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள். ‘இன்புட் மெத்தட்’ கருவியில் ஐபஸைத் தேர்ந்து, ‘லாக் அவுட்’ கொடுத்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பின் ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ் 99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையைச் சேருங்கள். வெளியேறி நுழைவதை விட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்களே அதிகம்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால் அவை சரியாகத் தெரியும்.

12. சுற்றிப் பார்க்க

மென்பொருள் தேவைப்பட்டால் இணையத்தில் தேடி .இஎக்ஸ்இ கோப்பை இறக்காதீர்கள். அது இங்கே ஓடாது. ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’தான் கடை. ஒரே மென்பொருள் இரு வடிவங்களில் கிடைத்தால், சிறியது வேண்டுமென்றால் கணினித் தொகுப்பு. புதிய பதிப்பு வேண்டுமென்றால் ஃபிளாட்பாக். சரிபார்க்கப்படாத ஃபிளாட்பாக்குகளை மின்ட் இயல்பாக மறைத்து வைக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

சினமனில் நீமோ என்னும் கோப்பு மேலாளரில் விண்டோஸ் பகிர்வும் தெரியும். படங்களையும் ஆவணங்களையும் அங்கிருந்தே திறக்கலாம். விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளுக்குள் எதையும் அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் வார்ப்பினேட்டரைத் திறந்து பாருங்கள். ஒரே வைஃபையில் உள்ள கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பென் டிரைவ் இல்லாமல் அனுப்பும். லிப்ரே ஆஃபீஸில் திறக்கும் வேர்டு ஆவணங்களை, வெளியாருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பக்க அமைப்பு குலையாது.

நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு நாள் தொடக்கப் பட்டியல் கெட்டுப்போனால், அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, அதன் பட்டியலில் உள்ள ‘பூட் ரிப்பேர்’ கருவியால் சரிசெய்யலாம். பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி அதன் மேல் ஒட்டி, மேசை இழுப்பறையில் வையுங்கள். மீட்புக் குறி எழுதிய தாளும் அதனோடு இருக்கட்டும்.